டாணாவில் பிறந்தவர்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் தொழிற்சாலைக்கு வங்காளத்திலிருந்து மாற்றலாகி வந்த லேத் ஆபரேட்டருக்கு உடனே ஒரு வீடு வேண்டியிருந்தது. குவார்ட்டர்ஸ் கிடைக்க வருஷக்கணக்காகும். ஊரில் மனைவி வாயும் வயிறுமாக இருந்தாள். பிரசவத்துக்கு முன்னால் அவளை இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று மனிதர் தவித்துக்கொண்டிருந்தார்.

பிரசவத்துக்குப் பெண்களை ஊருக்குத்தானே அனுப்புவார்கள், இவர் என்ன தலைகீழாகச் செய்கிறார் என்று எனக்குக் குழப்பம். கேட்டேன். அவருடைய ஊர் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். முதல் குழந்தை படகிலேயே பிறந்து படகிலேயே போய்விட்டது. அதை ஒரு தரம்தான் சொன்னார். நானும் மறுபடி கேட்கவில்லை.

மற்றபடி இந்தியும் இங்கிலீஷும் கலந்து ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம் போதாது. நாம் தாலுகா என்பதை அவர்கள் தானா என்கிறார்கள். உலகத்தில் உள்ள சகலமும் அவருடைய தானாவில் இருந்தது. வீட்டுக்கு வீடு குளம், குளத்துக்குக் குளம் மீன். அதிகாரியின் ஜீப் வந்தால் மொத்த தானாவும் வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்க வரும். டீக்கடையில் ஒரு கட்சிக்கு ஒரு பெஞ்சு. புரட்சி எந்த மாதம் வரும் என்று இரண்டு பெஞ்சும் தொண்டை கிழியக் கத்துமாம். ஆற்றுக்குப் பாலம் எப்போது வரும் என்று மட்டும் ஒரு பெஞ்சும் வாய் திறக்காதாம். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

மெட்ராஸ் ஓரத்தில், கோவில்பதாகையில் நான் குடியிருந்த வீட்டில் பக்கத்துப் போர்ஷன் காலியாக இருந்தது. வீட்டுக்காரர் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, மிச்சமிருந்த ஒரு சுவருக்காகத் தம்பியோடு ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அழைத்துப்போய் அறிமுகப்படுத்தினேன்.

"உனுக்கு ஊடு எங்க?" என்றார் வீட்டுக்காரர்.

நம்மவர் நாலு நாளாகத் தமிழ் பழகி வைத்திருந்தார். வாயில் 'வ' வராது. "என் பீடு தானா" என்று ஆரம்பித்து ஊர்ப் பெயரைச் சொன்னார்.

வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். மெட்ராஸில் டாணா என்றால் போலீஸ் ஸ்டேஷன். "டாணாக்காரரா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? குந்துங்க சார்!" என்று நாற்காலியைத் துடைத்தார். சாவி அன்றைக்கே கைக்கு வந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. தானா என்றால் அவர்கள் பக்கம் தாலுகா மாதிரி, எல்லோரும் ஏதாவது ஒரு தானாவில்தான் பிறப்பார்கள் என்று வாய் வலிக்கச் சொன்னேன். வீட்டுக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஊர் பூரா டாணான்னா திருடன் எங்க நைனா குடியிருப்பான்?" என்று கேட்டார்.  இதற்கு எந்தத் தமிழறிஞரிடமும் பதில் இருக்காது.

அதற்கப்புறம் வங்காளிக்கு ராஜ உபசாரம். இளநீர் வந்தது, முருங்கைக்காய் வந்தது. தமிழர்களைப் போல உத்தமர்கள் உண்டா என்று அவர் என்னிடமே உருகினார். மூன்று வருஷமாக அதே வீட்டில் இருந்த எனக்கு ஒரு முருங்கைக்கீரை வந்ததில்லை. எரிச்சலாக இருந்தது.

அவர் மனைவி ரயிலேறிய மறுநாள், சுவர்ச் சண்டை முற்றியது. வீட்டுக்காரர் ஓடிவந்தார். "சார், யூனிபார்ம் மாட்டிகினு கொல்லைப்பக்கம் ஒரு தபா நில்லுங்க. அவன் அடங்கிடுவான்." யூனிபார்ம் என்ற சொல் மட்டும் நம்மவருக்குப் புரிந்தது. கிரீஸ் அப்பிய நீல ஓவராலை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகும் நினைப்பில் டிபன் கேரியரையும் கையில் பிடித்துக்கொண்டு, சுவரோரம் போய் விறைப்பாக நின்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னா அண்ணாத்தே, லேத்து மிஷின் ஓட்டுறவர வெச்சா என்னை மிரட்டுற?"

சார் அந்த நிமிஷமே நீயாகிவிட்டார். "இந்த வாரத்துக்குள்ள காலி பண்ணிடு. டாணான்னு சொல்லி ஏமாத்தினல்ல?" என்று வீட்டுக்காரர் கத்தினார். நான் நடுவில் புகுந்து பேசியதில் என்னையும் காலி பண்ணச் சொன்னதுதான் மிச்சம். மனைவி ரயிலில் வந்துகொண்டிருக்கிறாள் என்பதை அவரிடம் இருவரும் சொல்லிப் பார்த்தோம். காதிலேயே வாங்கவில்லை.

சென்ட்ரலில் இறங்கியதும் கணவர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.  வீடு வந்ததும் நேரே வீட்டுக்காரரிடம் போனாள். வாசலில் கைகட்டி நின்றவரின் காலைக் குனிந்து தொட்டாள். தொட்ட விரலைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, டிரங்குப் பெட்டியோடு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்காரர் வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

"எங்கள் தானாவில் காலைத் தொட்டவர்களை அன்றைக்குத் துரத்த மாட்டார்கள்" என்றார் கணவர்.

"நாளைக்கு?" என்று கேட்டேன்.

"நாளைக்கும் தொடுவாள்."

தொட்டாள். தினமும் தொட்டாள். நம் பக்கம் கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் காலில் விழுவதோடு சரி. விடிந்ததும் காலைத் தேடி வரும் பெண்ணை என்ன செய்வது என்று வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. வசதியாகத் திட்டுவதற்காகக் காலை மறைத்துக்கொண்டு திண்டாடினார். சொந்த வீட்டிலிருந்து கொல்லை வழியாகத் தப்பி ஓடினார். அங்கே போனால் சுவருக்கு மேலே தம்பியின் தலை தெரியும். பாவம், மனிதர் எந்தப் பக்கம்தான் போவார்?

ஒன்பதாம் மாதம் ஆனது. அன்று காலை வீட்டுக்காரர் வாசலில் பல்பொடியும் வாயுமாக நின்றிருந்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். குனியப் பார்த்தாள். பாதிக்கு மேல் முடியவில்லை. முகம் வெளிறிப்போனது.

"ஐயோ, குனியாதம்மா!" என்று அலறினார் வீட்டுக்காரர். "ஊடு உன்னுதுதாம்மா! யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க! குனியாத!"

அவளுக்குத் தமிழ் தெரியாது. இன்னும் துரத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி மறுபடி குனிந்தாள்.

"யோவ், அவ பாஷைல சொல்லுய்யா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். கணவர் காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். எனக்குத் தெரிந்த வங்காளம் மொத்தமே இரண்டு சொல்.

"தோமார் பாடி" என்றேன். உன் வீடு.

அவள் நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, வந்த நாளிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள். பக்கத்தில் வீட்டுக்காரரும் வாயில் பல்பொடி நுரையோடு அழுதுகொண்டிருந்தார்.