அப்பாவுக்காக நான் சொன்ன ஓம்

யுத்தத்தால் தரைப்பாதை மூடியபின் அப்பாவை யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கூட்டி வர முடியவில்லை. கிளோகோமா என்ற கண் அழுத்த நோயால் அவருடைய இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சியது வலது கண். அங்கே கிளினிக்கில் ஒரு தாதி அழுத்தத்தை அளந்து, கண் நரம்பைப் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்புவார். கொழும்பு வெள்ளவத்தையில் கண் டொக்டர் அதைப் பார்ப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான்.

அன்று கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து டொக்டரிடம் பஸ்ஸில் வரும்போது சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்றியதில் பிந்திவிட்டேன். மடியில் மகள் சிணுங்கினாள். டொக்டரின் மேசையில் தொலைபேசி, மறுமுனையில் அப்பாவும் தாதியும். அழுத்தம் கூடியிருக்கிறது என்றார் டொக்டர். சொட்டு மருந்தைத் தினமும் இரண்டு வேளையும் விடுகிறாரா என்று கேட்டார்.

அப்பா தபால் அதிபராக இருந்தவர், நேரம் தவறாதவர். அவரிடம் போய்ச் சின்னப் பிள்ளையைக் கேட்பதுபோல் கேட்பதா? "ஓம், விடுகிறார்" என்று அவருடைய மொழியில் நானே சொல்லிவிட்டேன்.

அப்படியானால் மருந்து வேலை செய்யவில்லை, ஒப்பரேஷன்தான், எப்படியாவது அவரைக் கூட்டி வாருங்கள் என்றார் டொக்டர். இராணுவத்திடம் பயணப் பாஸ் எடுத்து, கப்பல் ஏறி, ஒற்றைக் கண்ணோடு. அதை அப்பாவிடம் தமிழில் சொன்னேன். அப்போதுதான் உறைத்தது: நான் அனுப்பிய மருந்துப் பார்சல் ஒரு மாதம் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தது. ஆனால் மருந்து முடிந்ததென்று அவர் சொல்லவேயில்லை.

"அப்பா, ஒரு மாதப் போத்தல் ரெண்டு மாதத்துக்கு எப்பிடிப் போதுமாயிருந்தது?"

"இரவில மட்டும் விட்டனான், பிள்ளை. அடுத்தது எப்ப வருமோ தெரியாது. நீயும் குழந்தையோட அலையிறாய்."

"ஐயா, எனக்கும் ரெண்டு நேரமெண்டுதானே சொன்னனீங்கள்?" என்றது தாதியின் குரல்.

"உமக்குச் சொன்னா மகளுக்குப் போயிடும்."

நான் சொன்னது பிழை என்று டொக்டரிடம் திருத்திச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒரு மாதம் ஒழுங்காக இரண்டு வேளையும் விடட்டும், பிறகு அளந்து முடிவெடுப்போம் என்றார். "இனி நான் அவரைப் பற்றிக் கேட்பதை அவரிடமே கேளுங்கள். எனக்கு மொழிபெயர்த்தால் போதும்."

அன்றே இரண்டு போத்தல்களைச் சேர்த்து அனுப்பினேன். அடுத்த மாதம் அழுத்தம் இறங்கியிருந்தது. ஒப்பரேஷன் வேண்டியிருக்கவில்லை. திரையில் புதிய படத்தையும் பழையதையும் பக்கத்தில் வைத்து டொக்டர் வெகுநேரம் பார்த்தார். மருந்து குறைத்து விட்ட காலத்தில், இனித் திரும்பாத பார்வை எவ்வளவு போயிருக்கும் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.