பேட்டரிக்கு ஊட்டிய பதினேழு வோல்ட்

தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் மைக்செட் வைத்திருந்தேன். ஒருநாள் மாலை ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அழைப்பு. பேட்டரியிலோ சார்ஜ் இல்லை.

"பதினாலரை வோல்ட்டுக்கு மேல ஏத்திராதீக அண்ணாச்சி, கொதிச்சிரும்" என்று பேட்டரிக் கடைக்காரர் சொல்லித்தான் இருந்தார். சீக்கிரம் ஏறட்டுமே என்று, விருந்தாளிக்கு இன்னொரு கரண்டி சோறு தள்ளுவதுபோல, சார்ஜரில் பதினேழு வைத்தேன். பேட்டரி சாம்பாராகக் கொதித்து, உள்ளே தண்ணீர் வற்றிவிட்டது.

ஊர்வலம் தேரடியைத் தாண்டுமுன் அந்தப் பேட்டரி இறங்கி, டேப்பில் கல்யாணப் பாட்டு இழுத்து இழுத்து ஒப்பாரியானது.

பெண்ணின் தாய்மாமன் பாய்ந்து வந்தார். "ஏலே, இது கல்யாண வீடா, எழவு வீடா?"

மானம் போகிறதே என்று நானே பாட ஆரம்பித்தேன். இரண்டே வரிதான். காருக்குள்ளிருந்து மாப்பிள்ளை தலையை நீட்டினார்.

"அண்ணாச்சி, பேட்டரியே தேவல!"

தெருவே சிரித்தது, தாய்மாமனும்தான். அதற்கப்புறம் பாட்டே தேவைப்படவில்லை.