லெட்சுமி அக்கா கேட்ட எண்ணெய்

சென்ற மாதம் என் பேத்தி, செங் என்ற ஊரில் தான் படிக்கும் தொழில்நுட்பக் கல்லூரிக்கு என்னை அழைத்துப் போனாள். மாணவர்கள் ஹைட்ரஜனில் ஓடும் ஒரு சின்ன வண்டியைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். புகை வரவேண்டிய குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது.

"தாத்தா, கைய நீட்டுங்க. வெறும் தண்ணிதான் லா!"

நீட்டினேன். பழைய பழக்கத்தில் விரலை மூக்கருகே கொண்டுபோனேன். ஒரு வாசனையும் இல்லை. நம்புவீர்களோ மாட்டீர்களோ, வாசனையே இல்லாத அந்த ஈரம்தான் எனக்குப் பெட்ரோல் வாசனையை வரவழைத்தது.

மலாயா சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு அது. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை தேறியவனுக்கு அரசாங்க நாற்காலி காத்திருக்கும் என்று நம்பிய எனக்குக் கிடைத்தது காஜா பேராங் பகுதியில் ஒரு பெட்ரோல் பம்பு. முதல் நாள் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன். சீன முதலாளி, தவுக்கே என்போம், அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பம்பின் கைப்பிடியில் மாட்டினால் பட்டியோடு கழுத்தும் போகும் என்றார். அந்தக் காலத்துப் பம்பின் உச்சியில் பெரிய கண்ணாடிக் குடுவை இருக்கும். கைப்பிடியை இப்படியும் அப்படியும் ஆட்டினால் பெட்ரோல் நுரைத்துக்கொண்டு ஏறும். சாயங்காலம் எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாசனை சோற்றுக்கு வந்துவிடும்.

பெட்ரோலைத் தவிர லாரிக்காரர்களுக்கு டீசலும், வீடுகளுக்கு மண்ணெண்ணெயும் பீப்பாய்களில் வைத்திருந்தோம். மலாயில் எந்த எண்ணெயும் மிஞாக்தான். பின்னால் ஒரு சொல் சேர்த்தால் இன்னது என்று தெரிந்துவிடும். மண்ணெண்ணெய்க்கு மிஞாக் தானா. தானா என்றால் மண். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே பெயரை வைத்திருப்பதைக் கண்டுபிடித்த அன்று ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்தவனைப்போலப் பூரித்துப் போனேன். ஆனால் பம்படியில் நிற்கும் நம் டாக்சிக்காரர்கள் "எண்ணெ ஊத்து" என்றால் அது பெட்ரோல். வேறு எதுவும் இல்லை.

பம்புக்குப் பின்னால், பல தலைமுறைகளுக்கு முன் வந்து இங்கேயே கலந்துவிட்ட செட்டிகளின் குடியிருப்பு. நம்மைப்போலவே மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள், பெயரும் தமிழ்ப் பெயர், வீட்டில் பேசுவது மட்டும் மலாய். அங்கே அருணாசலம் என்பவர் ஒரு சின்ன எஞ்சின் வைத்து மாவரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வகை எஞ்சின் கிளம்பக் கொஞ்சம் பெட்ரோல் வேண்டும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். இரண்டையும் வாங்க வருபவர் அவர் மனைவி லெட்சுமி. நான் அக்கா என்பேன். பெட்ரோலுக்கு ஒரு சின்னப் புட்டி, மண்ணெண்ணெய்க்கு ஒரு டின்.

எங்கு பார்த்தாலும் மொழியைப் பற்றியே பேச்சாக இருந்த காலம். எனக்கும் தமிழ்ப் பற்று தலைக்கேறியிருந்தது. அதைக் காட்ட எனக்கு அகப்பட்டவர் லெட்சுமி அக்கா.

"பேரு லெட்சுமி, கேக்கறது மலாய்லயா? தமிழ்ல கேட்டாத்தான் ஊத்துவேன்."

"ஆலா தம்பி, சாயா மானா தாவு!" எனக்கு எங்கே தெரியும் என்று சிரிப்பார்.

"டேய் வாத்தியாரே, ஊத்திட்டு அனுப்புடா. அவங்களுக்கு வேல கெடக்கு" என்பார் டாக்சிக்காரர் மாணிக்கம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், தலைமுடியெல்லாம் மாவோடு அக்கா வேகமாக வந்தார். கையில் டின் மட்டும். என் எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிமிர்ந்து நின்று சொன்னார்: "தம்பி, எண்ணெ ஊத்து!"

டாக்சிக்காரர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார். அவர்கள் கைதட்டினார்கள். "பாஸ் பண்ணிட்டாங்கடா!" என்று மாணிக்கம் கத்தினார். நான் டின்னைப் பெட்ரோல் குழாயின் கீழே வைத்தேன்.

அது மண்ணெண்ணெய் டின் என்று எனக்குத் தெரியும். கைப்பிடியை ஆட்டும்போதே மனதில் உறுத்தியது. "மண்ணெண்ணெயா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் தமிழ் பிழையாகிவிடும், என் வெற்றியும் கெட்டுவிடும். கேட்கவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பெட்ரோல் நெடி அந்தக் கொட்டகையில் எப்போதும் உண்டு. அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அக்கா புனல் வைத்து ஊற்றியதும் பற்றிக்கொண்டது. அருணாசலம் டின்னை அக்காவின் கையிலிருந்து பிடுங்கி எறிந்தார். நான் மணல் வாளியோடு ஓடிச் சேர்ந்தபோது அருணாசலம் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கத்தாமல் நின்றிருந்தார். மாணிக்கத்தின் டாக்சியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தார். விரல்கள் மடங்கியவை மடங்கியவைதான்.

அன்று தவுக்கே என்னைக் கேட்டார். "டியா மிந்தா அப்பா?" அவள் என்ன கேட்டாள்?

"எண்ணெய்" என்றேன்.

"இத்து அப்பா?" அப்படி என்றால்?

"பெட்ரோல்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதை வைத்தே ஊர் முடிவு கட்டிவிட்டது: தமிழ் தெரியாத பெண் தப்பாகக் கேட்டுவிட்டாள். அவர் ஏன் தமிழில் கேட்டார் என்று யாரும் கேட்கவில்லை. மாணிக்கம் மட்டும், "விடுடா, வேணும்னேவா செஞ்சே?" என்றார். விட்டேன்.

ஒரு மாதம் கழித்து, சொல்ல வேண்டியதை மலாயில் மனப்பாடம் செய்துகொண்டு, ஒரு பிஸ்கட் டின்னோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாய் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "சாயா சாலா, தம்பி." தப்பு என்னுடையதுதான். அவர் கணவருக்குக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தார். அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். எஞ்சினை அதற்குள் விற்றிருந்தார்கள். அடுத்த ஆண்டு வாத்தியார் வேலை கிடைத்து வேறு ஊர் போனேன்.

கல்லூரியிலிருந்து வந்த மறுவாரம் காஜா பேராங்குக்குப் போனேன். பம்பு இருந்த இடத்தில் கைப்பேசிக் கடை. மாவரைத்த கொட்டகையில் கார் நிற்கிறது. அக்காவின் பேத்தி, ஐம்பது வயதிருக்கும், உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் மலாயில் சொன்னேன். அது மண்ணெண்ணெய் டின் என்று அன்றே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

"சுடா லாமா, அங்கிள்." ரொம்ப காலமாச்சு என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அப்போது அவர் கணவர் கடையிலிருந்து தப்பான பால்டின்னோடு வந்தார். பேத்தி சிரித்தார். "மாச்சாம் நெனே பெலி மிஞாக்!" பாட்டி எண்ணெய் வாங்கியதைப்போல. அவர்கள் வீட்டில் யார் எதைத் தப்பாக வாங்கி வந்தாலும் இப்படித்தான் சொல்வார்களாம். பாட்டியே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதாம்.

"அது பாட்டியின் தப்பில்லை, அம்மா" என்றேன் மறுபடியும். வயதானவர்களுக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டிவிட்டு, பலகாரத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

என்மேல் கோபப்பட வேண்டியவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. அருணாசலம் இல்லை, அக்கா இல்லை, தவுக்கேயும் மாணிக்கமும் இல்லை. அந்தக் கணவர் பால்டின்னை மாற்றிவர மறுபடியும் கடைக்குக் கிளம்பினார். கேட்டைத் தாண்டும்வரை "மாச்சாம் நெனே பெலி மிஞாக்" என்று தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்.