பிடரியில் வைத்த கை

பந்தயம் முடிந்ததும் குன்வோர் வெற்றிப் பலகையைப் பார்ப்பதில்லை. காலிலிருக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளைக்கூடக் கழற்றாமல், தோற்றவளின் குல்லாயை உயர்த்திப் பிடரியில் கையை வைக்கிறாள். ஈரமாக இருந்தால் சரி. உலர்ந்திருந்தால் தொலைந்தது.

"வேர்க்கவே இல்லியே! விட்டுக்கொடுத்துட்டதானே?"

குன்வோருக்கு முப்பத்தாறு வயது. நகராட்சிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் வேலை. மற்றதெல்லாம் மெதுவாகத்தான் புரியும். தன்னை யாராவது ஏய்த்தால் மட்டும் சட்டென்று புரிந்துவிடும். அவள் ஓடுகிற, அறிவுவளர்ச்சி குறைந்தவர்களுக்கான பந்தயங்களில் வந்தவர் எல்லாருக்கும் கோப்பை உண்டு. வீட்டில் அலமாரி நிறையக் கோப்பைகள், அவற்றுக்குள் துணிக் கவ்விகள். "எல்லாருக்கும் குடுத்தா அது கோப்பையா? டம்ளர்!" என்பாள்.

பயிற்சியாளர் ஷெடில், கட்டைகள் பனியில் வழுக்கி ஓட மெழுகு தேய்க்கும்போது பக்கத்தை விட்டு நகர மாட்டாள். டோர்தீஸின் கட்டைக்கும் அதே மெழுகுதானா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். டோர்தீஸ் அவளோடு ஓடுகிறவள், அவளைப் போன்றவள்தான்.

"என்னை நம்ப மாட்டியா, குன்வோர்?"

"நீ நல்லவன். அதான் பயமா இருக்கு."

பயத்துக்குக் காரணம் இருந்தது. போன குளிர்காலத்தில், இறக்கத்தில் குன்வோர் விழுந்தபோது, முன்னால் போன டோர்தீஸ் திரும்பி வந்து தூக்கிவிட்டாள். இருவரும் கைகோத்து எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். ஊருக்கு அழ ஒரு சாக்கு கிடைத்தால் போதாதா? கண்ணைத் துடைத்தவர்களை எல்லாம் குன்வோர் முறைத்தாள். அவளுக்கு அவமானமாக இருந்தது. தான் என்றைக்காவது நிஜமாக ஜெயித்திருக்கிறோமா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

"ஷெடில் சொல்லித்தானேடி நின்ன?"

"யாரும் சொல்லல. நீ அழுத."

"இனிமே நின்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் அதே இறக்கத்தில் குன்வோர் மறுபடியும் விழுந்தாள். பின்னால் வந்த கட்டைகளின் சரசரப்பு ஒரு கணம் தயங்கியது. குன்வோர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு டோர்தீஸ் அவள் முகத்தில் பனியை வாரி இறைத்துவிட்டுப் பறந்தாள். குன்வோர் எழுந்து வெறி பிடித்தவளாகத் துரத்தினாள். எட்டவில்லை.

எல்லைக்கோட்டுக்கு அப்பால், திட்டு வாங்கத் தயாராக டோர்தீஸ் ஒடுங்கி நின்றாள். மூச்சு வாங்க வந்து நின்ற குன்வோர், தன் குல்லாயைக் கழற்றினாள். ஆவி பறக்கும் தலையைக் குனிந்து, பிடரியை அவளிடம் நீட்டினாள்.

"தொட்டுப் பாருடி."