இருபதுக்குப் பதினொன்று

அந்தப் பேச்சு மருமகளுக்கு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

“ஒரு வாரம் வீட்ல வெச்சுக் கேளுங்க காதக்கா. புடிக்கலன்னா திருப்பிக் குடுங்க,” என்றார் ஆடியோ கடைக்காரர்.

“புடிச்சா?” என்றாள் அத்தை.

“அப்புறம் எனக்கு விளம்பரமே வேணாம். உங்க காது சொன்னா போதும்.”

“வித்தியாசமே கேக்கலன்னா?”

“உங்களுக்கே கேக்கலன்னா, பாவம், காதுக்கு வயசாச்சுன்னு விட்டுர வேண்டியதுதான்!”

மருமகளுக்குச் சுருக்கென்றது. அத்தையோ பெட்டியை இடுக்கிக்கொண்டு, “பாத்துரலாம்,” என்றாள்.

மருத்துவமனையில் முப்பது வருடமாகக் காது பரிசோதிப்பவள் அவள். அதனால் எல்லோருக்கும் காதக்கா. எண்களாகப் பதிந்திருக்கும் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றுவது அந்த விலை உயர்ந்த பெட்டியின் வேலை. அதே வேலைக்கு வீட்டில் ஏற்கெனவே உள்ளங்கை அளவில் ஒன்று இருந்தது. புதியதைப் பூட்டியதும் கூடமே நிறைந்தது. “அடேங்கப்பா!” என்று தொடையில் தட்டிய அத்தை, கடைக்காரருக்குப் போன் போட்டு, “இது எனக்குத்தான்,” என்றும் சொல்லிவிட்டாள்.

மறுநாள் வேலையிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஏம்மா, நேத்து எந்தப் பெட்டி பாடுதுன்னு எனக்குத் தெரியும்ல?”

“தெரியும் அத்தை. நீங்கதானே மாத்தினீங்க.”

“அங்கதான் கோட்டை விட்டேன். இன்னிக்கு ஆஸ்பத்திரியில ஒருத்தர், நான் பட்டனை அழுத்தற விரலைப் பாத்துப் பாத்தே ‘கேக்குது, கேக்குது’ன்னு தலையாட்டினார். அவரைச் சுவரைப் பாத்து உக்கார வெச்சேன். நான் மட்டும் என்ன ஒசத்தியா?”

ஸ்பீக்கர் ஒயரில் மின்னழுத்தம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தாள். புதிய பெட்டி கொஞ்சம் சத்தமாகவே பாடிக்கொண்டிருந்தது. “சத்தம் கூடினா எதுவும் தேனாத்தான் இருக்கும்,” என்று முணுமுணுத்தபடி இரண்டின் சத்தத்தையும் சமமாக்கினாள். பிறகு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் மருமகள் இருபது முறை, எந்தப் பெட்டி பாட வேண்டும் என்று மாற்றும் ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருப்பினாள். சில முறை திருப்புவதுபோல் திருப்பிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாள். “புதுசு… பழசு… புதுசுதான்,” என்று அத்தை சொல்லச் சொல்லப் பென்சிலால் குறித்தாள்.

அத்தை சரியாகச் சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தாள். பதினேழு என்று சொல்லிவிடலாமா? நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

“பதினொண்ணு அத்தை.”

அத்தை எழுந்து, அலமாரி மூலையில் முட்டிக்கொண்டிருந்த ஸ்பீக்கர்களை ஒரு முழம் முன்னால் இழுத்து வைத்தாள். பாட்டு பளிச்சென்று துலங்கியது. “பாத்தியா? நம்ம வீட்டுக்கு வேண்டியது இதுதான்.”

அன்றைக்கே பெட்டியோடு கடைக்குப் போய், நாலு பேர் நிற்கும்போதே சொன்னாள்: “இருபதுக்குப் பதினொண்ணு. நாணயத்தைச் சுண்டினாலே அவ்வளவு வரும். நேத்து அவசரப்பட்டுட்டேன், எனக்கு வேணாம்.”

“அப்ப காதுக்கு…” என்று இழுத்தார் கடைக்காரர்.

“வயசாச்சு. பொய் சொல்ற வயசுதான் இன்னும் வரல.”

நாலு பேரும் சிரித்தார்கள். ‘இது எங்க அத்தை’ என்று அவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது மருமகளுக்கு.

திரும்பும் வழியில் அத்தை சட்டென்று நின்றாள்.

“வருஷத்துக்கு ஒரு தடவை என் காதை நீதான் பரிசோதிக்கணும்மா. ஆஸ்பத்திரியில இருக்கறவங்க என் மேல இருக்கற பாசத்துல ஒண்ணு ரெண்டு கூட்டிப் போட்டுருவாங்க. நீ போட மாட்டே.”