பாடம் நடத்த வேண்டாம், பார்த்துச் சொன்னால் போதும்

1. காலி பெஞ்சுகள்

உசிலம்பட்டியில் ஒரு மாட்டுத்தீவனக் கடையின் மொட்டை மாடியில், தகர ஷெட்டுக்குக் கீழே, இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகப் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூசன் எடுத்து வருகிறேன். ஜூன் மாதம் பிறந்தால் எனக்குப் பெஞ்சு பற்றாது. தாமதமாக வருகிறவர்கள் கீழ்க் கடையில் காலிச் சாக்கு வாங்கி வந்து விரித்து உட்கார்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஜூனில் முதல் நாள் சாயங்கால பேட்ச்சில் பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க அப்படியேதான் இருந்தது.

தவமணி என்று ஒரு மாட்டு வியாபாரி. அவருடைய மூத்த மகன் என்னிடம் படித்தவன். இளையவனும் அந்த வருடம் வந்திருக்க வேண்டும். டீக்கடையில் பார்த்தபோது அவராகவே பேச்சை எடுத்தார்.

"தப்பா நெனைக்காதீக சார். பயலுக்கு என்ன டவுட்டுண்டாலும் போன்ட்டதேன் கேக்குறான். அது என்னமோ பேசுற மெசினாம், ஏஐயாம். நூறு தடவ கேட்டாலும் பொறுமையாச் சொல்லுது. நீங்க கோவப்படுவீகள்ல."

நான் எங்கே கோபப்படுகிறேன் என்று கோபமாகக் கேட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. தனியார் பள்ளி வேலையை விட்டுவிட்டு நம்பி இறங்கியது இந்த ஷெட்டைத்தான். அடுத்த தெருவில் இன்னொரு டியூசன் மாஸ்டர் போட்டிக்கு வந்தால்கூடப் பயமில்லை. இது மாணவனின் சட்டைப் பையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

2. போட்டியாளரைப் பார்க்கப் போனேன்

எதிராளி யாரென்று பார்த்துவிடலாம் என்று என் போனிலும் அதை இறக்கிக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, பையன்களைக் கவிழ்ப்பதற்கென்றே நான் சேர்த்து வைத்திருக்கும் கணக்குகளை ஒவ்வொன்றாக விட்டேன். பெரும்பாலானவற்றை நொடியில் போட்டது. ஒன்றில் சறுக்கியது. தப்பு என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டது. சும்மா இருக்காமல், சரியாகப் போட்ட ஒரு கணக்கையும் தப்பு என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதியச் சாப்பாடு ஆறிப்போய், மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்வரை அதனுடன்தான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அதைப் பிடித்திருந்தது.

வந்துகொண்டிருந்த பிள்ளைகளின் வீட்டுக்கணக்குகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். அதுவரை ஸ்டெப்பே எழுதாமல் விடையை மட்டும் எழுதுகிறவர்கள், வரிக்கு வரி காரணம் எழுதி, விடைக்கு அடியில் கோடும் போட்டுக் கொண்டு வந்தார்கள். ஷெட்டில் டெஸ்ட் வைத்தால் அதே கணக்கில் பாதிப் பேர் முதல் வரியிலேயே நின்றார்கள். இவ்வளவுதான் சங்கதி, போன் வந்து படிப்பைக் கெடுத்துவிட்டது என்று முடிவுகட்டியிருப்பேன். ஆனால் தவமணியின் இளைய மகன் காலாண்டுத் தேர்வில் நல்ல மார்க் வாங்கியிருந்தான். அவன் என் ஷெட் படியே ஏறாதவன். போன் ஒன்றுதான், ஒருவனுக்கு உதவுகிறது, ஒருவனைக் கவிழ்க்கிறது. இது என்ன கூத்து என்று புரியாமல்தான் இருந்தேன்.

3. செல்வியின் கோரிக்கை

அந்தக் கார்த்திகையில் ஒரு மத்தியானம், பேட்ச் இல்லாத நேரத்தில், ஒரு பெண் படியேறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் செல்வி. ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. மகளைச் சேர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து எந்த ஸ்கூல் என்று கேட்டேன். தனக்குத்தான் என்றார்.

ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர் வேலைக்கு எடுக்கிறார்கள். பத்தாவது பாஸ் இருக்க வேண்டும். செல்வி தனித்தேர்வராக எழுதி மற்ற பாடங்களில் எல்லாம் தேறிவிட்டார். கணக்கு மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. அடுத்த தடவையும் போனால் அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரக் கூச்சமாக இருந்ததால் ஒரு வருடமாகப் போனில்தான் படிக்கிறாராம்.

"பாடம் நடத்த வேணாம் சார். அம்புட்டையும் இது சொல்லிக் குடுத்துருச்சு. ஆனா நான் எதச் சொன்னாலும் சூப்பரு, சரிங்குது. எனக்குத் தெரிஞ்சுருச்சா இல்லையாண்டு நீங்க பாத்துச் சொன்னாப் போதும்."

இத்தனை வருடத்தில் பாடம் நடத்த வேண்டாம் என்று சொல்லி டியூசனுக்கு வந்த முதல் ஆள் அவர்தான். எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அவரை அப்படியே அனுப்ப மனசு வரவில்லை. என்னதான் படித்திருக்கிறார் என்று பார்க்க ஆசையாக இருந்தது. போனைக் காட்டச் சொன்னேன்.

டைப் அடிக்க வராது என்பதால் எல்லாம் பேசியே கேட்டிருந்தார். அவர் பேசியது அப்படியே எழுத்தாக வந்திருந்தது. ஒரே கணக்குக்கு விரலால் தள்ளத் தள்ள முடியாத நீளம். "புரியல, வேற மாதிரி சொல்லு." "இதுவும் புரியல." "இன்னும் லேசாச் சொல்லு, கோவிச்சுக்கிடாத." "மாட்ட வச்சுச் சொல்லு." மாட்டை வைத்தும் அது சொல்லியிருந்தது.

படித்துக்கொண்டே போனபோது எனக்கு என் வகுப்பு ஞாபகம் வந்தது. ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பேன். தகரம் அதிர "புரிஞ்சுச்சு சார்" என்பார்கள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் படித்தோம், அப்படித்தான் நடத்துகிறோம். ஒருவர்கூட எழுந்து புரியவில்லை என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. இந்த அம்மாள் ஒரு வருடமாக அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

4. கைப்பிடிச் சுவர் ஓரம்

வாரத்தில் இரண்டு மத்தியானம் டூட்டி முடிந்து வருவார். நான் கணக்குக் கொடுப்பேன், அவர் போர்டில் போடுவார். நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அது எனக்குப் பெரிய பாடாக இருந்தது. இருபடிச் சமன்பாடு, புள்ளியியல் எல்லாம் நன்றாகவே போட்டார். திரிகோணமிதியில் உயரமும் தொலைவும் வந்தபோதுதான் மாட்டினார்.

முப்பது மீட்டர் உயரத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியிலிருந்து பார்த்தால், தரையில் நிற்கும் பைக் முப்பது டிகிரி இறக்கக்கோணத்தில் தெரிகிறது. பைக் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது? இறக்கக்கோணம் என்றால், நேர்மட்டத்தில் பார்க்கும் கண் கீழே எவ்வளவு இறங்குகிறது என்பது. செல்வி அதைத் தொட்டிச் சுவருக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவில் குறித்தார். சூத்திரம் சரி, பெருக்கல் வகுத்தல் சரி, விடை மட்டும் தப்பு. கொடுத்த நான்கு கணக்கிலும் அதே இடத்தில் அதே தப்பு.

போனைப் பார்த்தோம். அது சொல்லியிருந்த விளக்கத்தில் ஒரு குறையும் இல்லை. செல்வி அதை மனப்பாடமாகவே சொன்னார். ஆனால் தான் போட்ட படத்தை ஒரு தடவைகூட அதற்குக் காட்டவில்லை. படம்தானே, மார்க் கணக்குப் போடுவதற்குத்தானே என்று விட்டுவிட்டாராம். புரிந்துவிட்டது என்று இவர் சொல்ல, அருமை என்று அது அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறது.

அவரைக் கைப்பிடிச் சுவர் ஓரம் கூட்டிப்போனேன். நேராகப் பார்க்கச் சொன்னேன். தூரத்தில் செல்போன் டவர் தெரிகிறது என்றார். இப்போது தலையைத் தாழ்த்திக் கீழே நிற்கும் தீவன வண்டியைப் பாருங்கள், கண் எங்கிருந்து இறங்கியது என்று கேட்டேன். டவரிலிருந்து என்றார். அந்த இறக்கம்தான் கோணம் என்றேன். அதற்குள் சாயங்கால பேட்ச் பிள்ளைகள் படியேறி வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு நேரமாகிவிட்டது. பழக்கதோஷத்தில் "புரிஞ்சுதா?" என்றேன்.

"புரியல சார்," என்றார் செல்வி.

பின்னால் பெஞ்சு சத்தம் நின்றது.

"சொவத்துக்கும் வண்டிக்கும் நடுவுலயும் ஒரு கோணம் இருக்குல்ல சார். அத ஏன் எடுக்க மாட்டேங்குறீக?"

நல்ல கேள்வி. இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காதது. அதையும் எடுக்கலாம், தப்பே இல்லை, இரண்டும் சேர்ந்து தொண்ணூறு என்று சொல்லிக்கொண்டே போர்டுக்கு வந்து வரைந்தேன். அவர் சாக்பீசை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அப்ப வெளிய முப்பதுண்டா உள்ளுக்குள்ள அறுவது" என்று முணுமுணுத்து, தன் பழைய படத்திலேயே அறுபதை வைத்துப் போட்டார். முப்பது ரூட் மூன்று. சரியான விடை, அவர் வழியிலேயே.

இத்தனை பிள்ளைகள் முன்னால் எப்படி இப்படிக் கேட்டீர்கள் என்றேன். "அதுகிட்டச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிருச்சு சார்" என்று சிரித்தார்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிய பிறகு, பேட்ச்சிலேயே முதல் மார்க் வாங்கும் நிவேதா மெதுவாக எழுந்தாள்.

"எனக்கும் அதே டவுட்டுதான் சார். நீங்க நடத்துன அன்னைக்கே."

அப்புறம் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அன்றைக்கு நடத்த வைத்திருந்த பாடத்தைத் தொடவே இல்லை. பல வருடங்களுக்குப் பிறகு எனக்கு அன்று வகுப்பு எடுத்தது சந்தோஷமாக இருந்தது.

5. ரிசல்ட் நாள்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: இந்தத் தொழில் இனி நிற்குமா? எனக்குத் தெரியாது. பழைய கூட்டம் எனக்குத் திரும்பி வரவில்லை. ஒரு பேட்ச்சைக் கலைத்துவிட்டேன். தவமணி மகன் மாதிரி ஆட்களுக்கு நான் தேவையே இல்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. மிச்சம் இருக்கிறவர்களை வீட்டில் போனிடம் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டு வரச் சொல்லிவிடுகிறேன். ஷெட்டில் சாக்பீஸ் அவர்கள் கையில். நான் பக்கத்தில் நின்று, கை எங்கே தயங்குகிறது என்று பார்க்கிறேன். "புரிஞ்சுதா?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். போட்டுக் காட்டு என்கிறேன். முன்பைவிட உடம்பு அலுக்கிறது.

செல்வி பரீட்சை எழுதினார். ரிசல்ட் வரும் நேரம் தனக்கு டூட்டி, வார்டுக்குள் போனைத் தொடக் கூடாது என்று சொல்லி, பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் என்னிடம் கொடுத்திருந்தார். எத்தனையோ ரிசல்ட் பார்த்தவன் நான். அன்று காலையில் சட்டை பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் திறந்தது. கணக்கு நாற்பத்தொன்று. பாஸ்.

செல்விக்கு அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மனைவி கடைக்குப் போயிருந்தாள். யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை. போனில் அந்த ஏஐயைத் திறந்து, செல்வி பாஸாகிவிட்டார் என்று எழுதினேன். ஒரு வருடம் செல்வியோடு உட்கார்ந்து பேசிய ஏஐ அவருடைய போனில் இருந்தது. என் போனில் இருப்பதற்கு ஒன்றும் தெரியாது. மகிழ்ச்சி, வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டு, செல்வி உங்கள் மாணவியா என்று கேட்டது.

ஆம் என்று எழுதினேன். மனசு ஒப்பவில்லை. அழித்தேன். இல்லை என்று எழுதினேன். அதுவும் ஒப்பவில்லை. கடைசியில், "சொல்லிக் கொடுத்தது நீ. பார்த்தது நான்" என்று எழுதி அனுப்பினேன்.

அது ஏதோ நீளமாகப் பதில் எழுத ஆரம்பித்தது. அதற்குள் செல்வியின் கால் வந்துவிட்டது. எடுத்துவிட்டேன்.