கட்டங்கள் பேசாத மத்தியானம்

கூட வேலை பார்ப்பவர்கள் லிப்ட் மெக்கானிக்கு வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. முப்பத்தொரு வருடச் சர்வீசில், லிப்டைத் தூக்கும் கம்பிவடத்தில் அறுந்த இழைகளை எண்ணி நோட்டில் எழுதாமல் ஒரு நாளும் அவர் வேலையை முடித்ததில்லை. வீட்டில் பல் தேய்க்கும் பிரஷ் வாங்கிய தேதிகூட அவரிடம் இருக்கும். "என்னைக் கட்டிக்கிட்ட தேதியையும் எழுதியிருக்காரு. எதுக்கு, எப்ப மாத்தணும்னு பாக்கவா?" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய தம்பிதான் வேலையில் அவருக்குக் கூட்டாளி. இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், எந்தக் கட்டடமானாலும் உச்சியிலுள்ள மோட்டார் அறையில், கவிழ்த்த பெயிண்ட் டப்பாவின் மேல் சதுரங்கப் பலகை ஏறிவிடும். மெக்கானிக் ஒரு காயை நகர்த்த எட்டு நிமிடம் எடுப்பார். குதிரை போனால் சிப்பாய், சிப்பாய் போனால் ராணி என்று உதடு அசைய ஐந்தாறு நகர்வு தூரம் போய்விட்டு வருவார். மைத்துனன் மூன்று நொடிக்குமேல் எடுத்ததில்லை. ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஆட்டங்களில் மெக்கானிக் ஜெயித்தது பதினேழு. ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுதிக்கொண்டுபோய் வீட்டில் காய் வைத்து அலசுவார். இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, மூன்று நொடியில் அவன் வைத்ததுதான் சரி என்று தெரியவரும்.

"எப்படிடா மச்சான்?"

"எனக்கென்ன தெரியும். காய் போக வேண்டிய கட்டம் லேசா ஒரு சத்தம் போடும். அங்க வைப்பேன்."

"காதுல அழுக்கு இருக்கும். டாக்டர்கிட்ட காட்டு."

பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில், ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் ஒன்று பத்துக்கு ஆட்டம் தொடங்கியது. மூன்றாவது நகர்வில் மைத்துனனின் கை பலகைக்கு மேலேயே நின்றுவிட்டது. மணி ஒன்று நாற்பது ஆயிற்று. கை இறங்கவில்லை. மெக்கானிக்குக் குஷி தாங்கவில்லை.

"என்னடா, பேட்டரி தீர்ந்துபோச்சா?"

"சத்தமே இல்ல மச்சான். உங்க காய்ங்களுக்குக் கேக்குது. என்னோடதுக்குத்தான் ஒரு கட்டமும் வாய் திறக்கல."

இரண்டு மணிக்கு ஒருவர் லிப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று, சுவரோடு ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட வேண்டும். அன்று மைத்துனன் முறை. அவன் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் இறங்கல" என்றான்.

மெக்கானிக் எழுந்துபோய் வடத்தை மறுபடி எண்ணினார். காலையில் எண்ணிய அதே நான்கு இழைகள். பிரேக்கும் சரியாக இருந்தது.

"நாலுடா. பன்னெண்டு வரைக்கும் ஓட்டலாம்னு விதி இருக்கு. எங்க கோளாறு, காட்டு பாப்போம்."

"காட்ட ஒண்ணும் இல்ல."

"உங்கக்கா கேட்டா சிரிப்பா."

"சிரிக்கட்டும். கேக்க நான் இருப்பேன்ல."

முப்பத்தொரு வருடக் கணக்கை ஒரு காதை நம்பிக் கைவிட மெக்கானிக்கு மனம் வரவில்லை. தானே இறங்கினார். பெட்டி மெல்லக் கீழே போனது. மாடிக் கதவுகளின் இடுக்கு வெளிச்சம் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது மாடியில் நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். மோட்டார் அறைத் தரையின் திறப்பில் மைத்துனனின் தலை தெரிந்தது. அவன் கீழே பார்க்கவில்லை. காதைத் திறப்பின்மேல் வைத்துப் படுத்திருந்தான்.

இரண்டு ஐம்பதுக்கு மெக்கானிக் மேலே வந்தார். உடம்பில் ஒரு கீறலும் இல்லை. பலகையில் மைத்துனனின் குதிரை நகர்ந்திருந்தது.

"இப்ப கேக்குதா?"

"நல்லா கேக்குது. நீங்க பெட்டிமேல கால் வெச்சதுமே கேக்க ஆரம்பிச்சிடுச்சு."

"அப்புறம் ஏன்டா மூஞ்சிய இப்படி வெச்சிருக்க?"

"இப்ப உங்க காய்ங்களுக்குத்தான் ஒண்ணும் கேக்கல மச்சான்."

மெக்கானிக் சிரித்தபடி உட்கார்ந்தார். வழக்கம்போல எட்டு நிமிடம் யோசித்தார். ஐந்து வழிகள் தெரிந்தன, ஐந்தும் பத்திரமானவை. எந்தக் காயையும் தொடாமல் நோட்டை மூடிவைத்தார்.

இருவரும் மோட்டார் அறையை விட்டு இறங்கிப் பதினான்காவது மாடியில் பட்டனை அமுக்க, லிப்ட் வந்து நின்றது. விளக்கெரியும் காலிப் பெட்டி. வடத்தில் இன்னும் எட்டு இழைகள் அறுந்தாலும் ஓடலாம். இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கதவு தானாக மூடிக்கொண்டது. மெக்கானிக் பலகையும் காய்களும் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். பின்னாலேயே வந்த மைத்துனன் ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "உங்க காய்ங்களுக்கு இன்னும் கேக்கல" என்று மட்டும் சொன்னான்.

பதினான்கு மாடியும் இறங்கி, தெருவில் கால் வைத்தபோதும் அதையேதான் சொன்னான்.